கருத்துக்கேட்பு: ‘கேள்’ என்ற வேரின் இரண்டு பக்கம்

சுரங்கம், அனல்மின் நிலையம், துறைமுகம் போன்ற பெரிய திட்டம் ஒன்று வருவதற்கு முன், அந்த ஊர்க்காரர்கள் சொல்வதை அரசு நேரில் கேட்டுப் பதிவு செய்யும் கூட்டத்துக்குச் சட்டம் வைத்த பெயர் ‘பப்ளிக் ஹியரிங்’. தமிழில் அது ‘பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்’. 1994ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 1997 ஏப்ரலில் செய்த திருத்தம்தான் இந்தக் கூட்டத்தைக் கட்டாயமாக்கியது. இன்று நடப்பில் இருப்பது 2006 செப்டம்பர் 14ஆம் தேதி அறிவிக்கை.

‘ஹியரிங்’ நீதிமன்ற வாடை உள்ள சொல். மேலே அமர்ந்திருப்பவர் கேட்பார், கீழே நிற்பவர் சொல்வார். தமிழ்ச் சொல்லின் கதை வேறு. ‘கேள்’ என்ற வேருக்குச் செவிகொடுப்பது, வினவுவது என்ற இரண்டு பொருளும் உண்டு. திருக்குறளின் 42ஆம் அதிகாரமான ‘கேள்வி’ காதால் கேட்டறிவதைப் பற்றியது. இன்றைக்குக் கேள்வி என்றால் வினா. ‘ஊர்க்காரர் சொன்னதை ஆட்சியர் கேட்டார்’, ‘ஆட்சியரிடம் ஊர்க்காரர் கேட்டார்’ என்ற இரண்டு வாக்கியத்திலும் வினை ஒன்றுதான், கேட்பவர்தான் மாறுகிறார். அறிவிக்கையின் நான்காம் பின்னிணைப்பும் இதற்கு இடம் தருகிறது: கூட்டத்துக்கு வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும், திட்டத்தைக் கொண்டுவருபவரிடம் தகவலும் விளக்கமும் கேட்க வாய்ப்புத் தர வேண்டும். ஆகவே இந்த மொழிபெயர்ப்பு மூலச் சொல்லைவிடப் பொருத்தமானது என்றே சொல்வேன்.

எழுதும்போது ஒற்று இரண்டு இடத்தில் மிகும். கருத்து, கேட்பு இரண்டுமே வன்தொடர்க் குற்றியலுகரம். அதனால் ‘கருத்துக்கேட்புக் கூட்டம்’ என்பதே சரி.

‘பப்ளிக் கன்சல்டேஷன்’ என்ற இன்னொரு சொல்லும் அறிவிக்கையில் உண்டு. அது கூட்டத்தை மட்டும் குறிப்பதல்ல. நேரில் நடக்கும் கூட்டம் உள்ளூரில் பாதிக்கப்படுவோருக்கானது. திட்டத்தில் நியாயமான அக்கறை உள்ள மற்றவர்கள் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம். இரண்டும் சேர்ந்தால்தான் கன்சல்டேஷன். தமிழில் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால், கூட்டம் முடிந்தது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முழு நடைமுறைக்குக் ‘கருத்துக்கேட்பு’ என்றும், நேரில் கூடுவதற்குக் ‘கருத்துக்கேட்புக் கூட்டம்’ என்றும் பிரித்து வழங்கினால் குழப்பம் தீரும். ‘கலந்தாய்வு’ நல்ல சொல்தான். ஆனால் பொறியியல், மருத்துவச் சேர்க்கை அதை எடுத்துக்கொண்டது. ‘விசாரணை’ என்றால் காவல் நிலையம் நினைவுக்கு வரும்; அந்தச் சொல்லைப் பார்த்து வரத் தயங்குபவர்கள் இருப்பார்கள்.

கூட்டத்தை நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை மாவட்ட ஆட்சியர், அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதி. ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் தந்து, குறைந்தது 30 நாள் அவகாசம் விட வேண்டும். நாளிதழ் எட்டாத இடத்தில் பறையறைந்தும் வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் அறிவிக்கச் சொல்கிறது அறிவிக்கை. இன்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, ஊருக்குள் மாலை நேரத்தில் இரண்டு சுற்று வந்தால் விளம்பரத்தைவிட அதிகம் பேருக்குச் செய்தி போகும். கூட்டத்தை முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும்.

பழுது பெரும்பாலும் தாளில் தொடங்குகிறது. திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று மதிப்பிடும் வரைவு அறிக்கை பல நூறு பக்கம், ஆங்கிலத்தில். ஊர்க்காரர் கைக்கு வருவது அதன் தமிழ்ச் சுருக்கம். தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படும், ஒரு நாளைக்கு எவ்வளவு, கழிவு எந்த ஓடையில் சேரும் என்ற மூன்று விவரமும் அந்தச் சுருக்கத்தில் ஊர்ப் பெயரோடும் சர்வே எண்ணோடும் இல்லாவிட்டால், கூட்டத்தில் கேட்கக் கேள்வியே பிறக்காது. கேள்வி வராததைப் பார்த்து ‘எதிர்ப்பு இல்லை’ என்று எழுதிவிடுவதும் உண்டு. அடுத்த பழுது நாளும் இடமும். நடவு நடக்கும் வாரத்தில், மீன்பிடிப் பருவத்தின் நடுவில், பேருந்து போகாத மண்டபத்தில் வைத்தால் வருபவர்கள் யார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கையும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் நடந்ததாகவே கணக்கு.

கிராம சபையோடு இதைப் போட்டுக் குழப்பக் கூடாது என்பதற்கு இதுவே போதும். கிராம சபைக்குக் குறைவெண் வரம்பு உண்டு, அது தீர்மானம் போடும். கருத்துக்கேட்பில் வாக்கெடுப்பு இல்லை, தலைமை ஏற்பவர் முடிவு சொல்வதும் இல்லை. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று 2013இல் 12 கிராம சபைகள் தீர்மானித்தன. உச்ச நீதிமன்றம் அந்த ஏப்ரலில் தந்த தீர்ப்பின்படி, வன உரிமைச் சட்டத்தின் கீழ் நடந்தது அது. அங்கே நடந்ததற்குப் பெயர் இசைவு கேட்டல். கருத்துக்கேட்பைவிட எடை கூடியது. முடிவான திட்டத்தை மேடையில் விளக்கிவிட்டுப் போவது விளக்கக் கூட்டம் மட்டுமே. அழைப்பிதழில் எந்தச் சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கூட்டத்தின் இறுதியில், நடந்தவற்றின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் கூடியிருப்பவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஒத்துக்கொள்ளப்பட்ட குறிப்பில் ஆட்சியரோ பிரதிநிதியோ அன்றைக்கே கையெழுத்திட வேண்டும். பேசி முடித்ததும் கிளம்பிவிடுபவர்கள் இழப்பது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். ‘கிணற்று நீர் குறித்துக் கவலை தெரிவித்தார்’ என்று வாசித்தால், எழுந்து நின்று, எந்தத் தெருக் கிணறு, எத்தனை அடியில் இப்போது தண்ணீர் நிற்கிறது என்பதையும் சேர்க்கச் சொல்லலாம். எழுப்பப்பட்ட முக்கியமான சுற்றுச்சூழல் கவலைகளுக்கெல்லாம் பதில் சொல்லி, அறிக்கையைத் திருத்திய பிறகே திட்டக்காரர் அதை இறுதி ஒப்புதலுக்குக் கொண்டுபோக முடியும். குறிப்பில் இல்லாத கிணற்றுக்கு அந்தப் பதிலும் வராது.