இங்கிலாந்தில் வீட்டுக் கணப்பில் விறகு எரிக்கலாமா?

லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ பழைய விக்டோரியா காலத்து வீட்டுக்குக் குடிபோகும் நம்மவர்களுக்குக் குளிர்காலம் வந்ததும் இந்தக் கேள்வி எழும். வரவேற்பறையில் கணப்பு இருக்கிறது, மேலே புகைபோக்கி இருக்கிறது, கடையில் ‘ரெடி டு பர்ன்’ (எரிக்கத் தயார்) முத்திரையோடு விறகு மூட்டை விற்கிறது. அப்புறம் என்ன, பற்றவைக்க வேண்டியதுதானே? பெரும்பாலான நகரப் பகுதிகளில் பற்றவைக்கக் கூடாது என்பதுதான் பதில். அந்த முத்திரை விற்பவருக்கான சட்டத்தைச் சேர்ந்தது. உங்கள் வீட்டில் எதை எரிக்கலாம் என்பதைச் சொல்வது வேறொரு சட்டம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அபராதக் கடிதம் வாங்குபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கான சட்டம்தான் பழையது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் பனியும் சேர்ந்து லண்டனை மூடின. சுமார் 4,000 பேர் இறந்ததாக அன்றைய கணக்கு. பிந்தைய ஆய்வுகள் அதைவிட மிக அதிகம் என்கின்றன. அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1993ஆம் ஆண்டின் சட்டம். இதன்படி உள்ளூர் கவுன்சில் ஒரு பகுதியைப் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கலாம். லண்டன் பெருநகரின் பெரும்பகுதி இதில் அடங்கும். உங்கள் தெரு இதற்குள் வருகிறதா என்பதைக் கவுன்சிலின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான்.

அப்படிப்பட்ட பகுதியில் இரண்டே வழி. திறந்த கணப்பு என்றால் ஆந்த்ரசைட் என்ற கடின நிலக்கரி போன்ற, அரசு அனுமதித்த புகையில்லா எரிபொருளை மட்டுமே போடலாம். விறகு அந்தப் பட்டியலில் கிடையாது. எவ்வளவு காய்ந்திருந்தாலும் சரி, என்ன முத்திரை இருந்தாலும் சரி, திறந்த கணப்பில் போடக் கூடாது. விறகுதான் வேண்டும் என்றால், டெஃப்ரா எனப்படும் சுற்றுச்சூழல் துறை விலக்கு அளித்த, கதவுள்ள விறகு ஸ்டவ் வேண்டும். அதிலும் தயாரிப்பாளர் சொன்ன எரிபொருளைத்தான் போட வேண்டும். ஈர விறகைத் திணித்தால் அந்த விலக்கு உங்களுக்குக் கைகொடுக்காது.

முன்பெல்லாம் இந்த விதியை மீறுபவருக்கு அபராதம் விதிக்கக் கவுன்சில் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2021ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் அதை மாற்றியது. 2022 மே முதல் புகைபோக்கியிலிருந்து புகை வந்தால் கவுன்சிலே 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். விலக்கு பெறாத அடுப்புக்காக, அனுமதியில்லாத எரிபொருளை வாங்கினால் 1,000 பவுண்டு வரை போகலாம். எச்சரிக்கைக் கடிதம் வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். அடுத்த கடிதம் செலவு வைக்கும்.

இனி விறகு மூட்டைக்கு வருவோம். 2021 மே 1 முதல் இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கான சான்றுதான் ரெடி டு பர்ன். அதைவிட அதிக அளவில் மொத்தமாக வாங்கினால் ஈர விறகும் வரும்; எப்படிக் காயவைப்பது என்ற குறிப்பை விற்பவர் கூடவே தர வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் வீணாகி, அரைகுறையாக எரிந்து நுண்துகள் புகையாக வெளியேறும். கட்டையின் முனையில் நீர் கொப்பளித்து ‘உஸ்’ஸென்று சத்தம் வந்தால், கதவுக் கண்ணாடி சீக்கிரமே கறுத்தால், விறகு காயவில்லை என்று அர்த்தம். ஈரமானியில் பார்ப்பதானால் கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்ததுபோலத்தான் காட்டும். பெயின்ட் அடித்த பலகை, பழைய வேலிக்கட்டை எதையும் எரிக்க வேண்டாம். பழைய மரப் பதன மருந்துகளில் ஆர்சனிக் இருந்தது.

புதிதாக ஸ்டவ் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2022 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் புது ஸ்டவ்கள், வெளியேறும் புகைக்கும் எரிதிறனுக்கும் வரம்பு வைக்கும் ‘ஈக்கோடிசைன்’ தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் ஈக்கோடிசைன் வேறு, டெஃப்ரா விலக்கு வேறு. கடைக்காரர் முதலாவதை மட்டும் காட்டினால், இரண்டாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பொருத்தும் வேலையை ஹெட்டாஸ் போன்ற அமைப்பில் பதிவு பெற்றவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். வேலை முடிந்ததும் கிடைக்கும் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்பார்.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தில் மட்டும் சமரசமே வேண்டாம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஸ்டவ் இருக்கும் அதே அறையில், ஸ்டவிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி அலாரம் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் இதைப் பொருத்துவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. அவர் தட்டிக்கழித்தால் கவுன்சிலிடம் சொல்லலாம்.

பொங்கலன்று பின்தோட்டத்தில் விறகடுப்பு மூட்டலாமா என்றும் கேட்கிறார்கள். மூட்டலாம். புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டடத்தின் புகைபோக்கியைப் பற்றியது. திறந்தவெளி அடுப்பும் பார்பிக்யூவும் இதில் வராது. ஆனால் அடிக்கடி புகை கிளப்பி அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையானால், 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கவுன்சில் தலையிடும். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

இவையெல்லாம் இங்கிலாந்துக்கான விதிகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் தனித்தனி விதிகள் உண்டு. ஜெர்மனியில் இருக்கும் உறவுகள் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அங்கே 1995 முதல் 2010 மார்ச் 21 வரை அனுமதி பெற்ற அடுப்புகள், தூசு, கார்பன் மோனாக்சைடு வரம்புக்குள் வராவிட்டால், 2024 டிசம்பர் 31க்குள் வடிகட்டி பொருத்தவோ நிறுத்தவோ வேண்டும் என்று கெடு விதித்தார்கள். திறந்த கணப்பை அங்கே எப்போதாவதுதான் பயன்படுத்தலாம். உங்கள் வட்டாரத்துக்கென்று நியமிக்கப்பட்ட புகைபோக்கிப் பணியாளர்தான் அடுப்பைச் சோதிக்கும் அதிகாரம் பெற்றவர். சந்தேகம் இருந்தால் அவரிடமே கேளுங்கள்.