48 மணி நேரத்தில் வெளியாகும் கட்டுரை

போன வருடம் ஒருநாள் நைட் டியூட்டி முடிந்து கிளம்பும்போது, எங்கள் ஐசியூவில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி போனை நீட்டினாள். "அக்கா, இதுக்கு அனுப்பலாமா?" வாட்ஸ்அப்பில் வந்த, ஓர் ஆய்விதழின் அறிவிப்பு அது. 1,500 ரூபாய் கட்டினால் 48 மணி நேரத்தில் கட்டுரை வெளியாகும், ஐஎஸ்எஸ்என் எண் உண்டு, சான்றிதழ் இலவசம்.

என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். மூச்சுக்கு உதவ அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் பைபாப் மாஸ்க் போட்டவர்களுக்கு மூக்குத் தண்டில் விழும் புண்ணைப் பற்றி நான்கு மாதமாகக் குறித்து வைத்திருந்தாள். "சிவப்பு. அமுக்கினால் வெளுக்கவில்லை" என்று ஒரு வரி. "வாரைத் தளர்த்தி, அடியில் டிரெஸ்ஸிங் வெட்டி வைத்தேன். காலையில் குறைந்திருந்தது" என்று அடுத்த வரி. மூச்சுக்குத் திணறுகிறவர் மூக்கு வலிக்கிறது என்று சொல்லமாட்டார். மாஸ்க்கைத் தூக்கிப் பார்க்கிறவளுக்குத்தான் அது தெரியும். இப்படித் தெரிந்ததெல்லாம் அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரோடு முடிந்துபோகிறது என்பதுதான் என் நெடுநாள் ஆற்றாமை.

ஆனாலும் அனுப்பாதே என்றேன். 2014-இல் என் எம்.எஸ்சி. ஆய்வை இப்படியொரு இதழுக்குத்தான் கொடுத்தேன். மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு திருத்தம்கூடச் சொல்லவில்லை. அன்று அதைப் பெருமையாக நினைத்தேன். இன்று அந்த இணையதளமே இல்லை. போன பணம் பெரிதில்லை. ஒருமுறை வெளியான கட்டுரையை நல்ல இதழ் எதுவும் மறுபடி எடுத்துக்கொள்ளாது. என் இரண்டு வருட உழைப்பு அதோடு போயிற்று.

ஐஎஸ்எஸ்என் என்பது இதழை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையப் பட்டியலான பப்மெட்டில் இருக்கிறோம் என்று ஓர் இதழ் சொன்னால் அதன் பக்கத்தில் பார்க்காதீர்கள், பப்மெட்டிலேயே தேடுங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமாகவே அங்கே இருக்கிறார்களா என்று அவர்களுடைய கல்லூரிப் பக்கத்தில் பாருங்கள். பணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது. நல்ல இதழ்கள் சிலவும் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் துறை அறிந்தவர்கள் படித்துக் கருத்துச் சொல்ல வாரங்கள், பெரும்பாலும் மாதங்கள் ஆகும். இரண்டு நாளில் முடிந்தால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். ட்ரெயின்ட் நர்சஸ் அசோசியேஷன் 1910-இலேயே நர்சிங்குக்கென்று இதழ் தொடங்கிய நாடு இது; நமக்கு இடமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தங்கையிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. நோட்டில் இருந்ததை அப்படியே ஆய்வாக்க முடியாது. நோயாளிகளை வைத்து ஆய்வு என்றால் ஆய்வு முறையானதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி முதலில் வாங்க வேண்டும், முடித்துவிட்டுப் போய்க் கேட்கக் கூடாது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றும் பலர் நினைக்கிறார்கள். ஊரும் வயதும் அட்மிஷன் தேதியும் சேர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆள் தெரிந்துவிடும். போனில் எடுத்த முகப்படத்துக்கு எழுத்தில் சம்மதம் வேண்டும்.

மரியாதைக்காக மேலதிகாரி பெயரைக் கட்டுரை ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்க்கும் வழக்கமும் விட வேண்டியது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஒருவரைக் கட்டுரை ஆசிரியராகச் சேர்க்க நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுவதற்கும் பொறுப்பு. நான்கும் வேண்டும். ஊக்கம் கொடுத்தவருக்கு நன்றிப் பகுதி இருக்கிறது.

கமிட்டி அனுமதி வாங்கி, தங்கை முதலிலிருந்து மறுபடி பதிவு செய்தாள். கட்டுரையைப் போன மாதம் ஒரு நல்ல இதழ் 14 கேள்விகளோடு திருப்பி அனுப்பியது. கண் கலங்கிவிட்டாள். "வாரை எத்தனை மணிக்கொரு தரம் தளர்த்தினீர்கள், யார் தளர்த்தினார்கள்?" என்பது ஆறாவது கேள்வி. இரண்டு பேரும் டியூட்டி முடிந்து உட்கார்ந்து அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.