கெர்னல் எங்கே நின்று மூச்சு விட வேண்டும்?

1 டெராபைட் நினைவகத்தைத் தன்வசம் வைத்திருந்த ஒரு நிரல் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறுகிறது. பயனரைப் பொறுத்தவரை அதோடு எல்லாம் முடிந்தது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கோ அப்போதுதான் வேலை தொடங்குகிறது. நினைவகத்தைக் கெர்னல் பக்கம் பக்கமாகவே கையாளுகிறது. பரவலான கணினிகளில் ஒரு பக்கத்தின் அளவு 4 கிலோபைட் என்பதால், அந்த நிரல் விட்டுச்சென்றவை 26,84,35,456 பக்கங்கள். ஒவ்வொன்றையும், எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று குறித்துவைக்கும் பக்க அட்டவணையிலிருந்து நீக்கி, வேறு யாரும் அதைப் பகிர்ந்துகொள்ளவில்லை என்று உறுதிசெய்து, பிறகு விடுவிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 100 நானோநொடி என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 27 நொடி ஆகிவிடுகிறது.

27 நொடி ஆவதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவ்வளவு நேரமும் அந்த பிராசஸர் வேறு எவருக்கும் கிடைக்காமல் போவதுதான் சிக்கல். சாதாரண நிரலைக் கெர்னல் எந்த நொடியிலும் நிறுத்திவிட்டு அடுத்ததற்கு இடம் தரலாம். ஆனால் கெர்னலே தன் சொந்த வேலையில் மூழ்கியிருக்கும்போது, சர்வர்களில் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள அமைப்பில், அது தானாக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. ஓடும் வேலையை ஒரு கணம் தடுத்து பிராசஸரின் கவனத்தைத் திருப்பும் டைமர் குறுக்கீடு வந்து, 'வேறொருவர் காத்திருக்கிறார்' என்று ஓர் அடையாளக் கொடியை ஏற்றிவைக்கும். அதைத் திரும்பிப் பார்க்காமல் ஒரு லூப் (ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) சுற்றிக்கொண்டே இருந்தால், அந்த பிராசஸரை நம்பியிருக்கும் மற்ற வேலைகள் எல்லாம் அப்படியே நின்றுவிடும்.

இந்த நிலையைக் கண்டுபிடிக்கத்தான் லினக்ஸ் இயங்குதளத்தில் வாட்ச்டாக் என்ற கண்காணிப்பு ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு பிராசஸரிலும் மிக உயர்ந்த முன்னுரிமை பெற்ற ஒரு சிறு வேலை அவ்வப்போது ஓடி, அந்த நேரத்தைக் குறித்துவைக்கும். இயல்பான அமைப்பில் 20 நொடிக்கு மேல் அந்தக் குறிப்பு புதுப்பிக்கப்படாவிட்டால், எந்த பிராசஸர், எத்தனை நொடி, எந்த நிரல் என்ற விவரங்களுடன் 'சாஃப்ட் லாக்கப்' செய்தி பதிவேட்டில் விழும். குறுக்கீடுகளே எட்டாதபடி பிராசஸர் சிக்கிக்கொண்டால் அது 'ஹார்ட் லாக்கப்'. அதற்கான வரம்பு 10 நொடி, அதைக் கண்டறிய வழக்கமாகத் தடுக்கவே முடியாத தனி வகைக் குறுக்கீடு பயன்படுகிறது.

தீர்வு எளிதாகத் தோன்றும். லூப்பின் உள்ளே 'காண்ட்_ரீஷெட்' என்ற செயற்கூற்றை ஒரு வரியில் அழைத்தால், கொடி ஏறியிருந்தால் மட்டும் பிராசஸரை விட்டுக்கொடுத்து, முறை வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். செலவும் மிகக் குறைவு. ஆனால் நினைவக மேலாண்மையில் பல லூப்புகள், ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே தொட அனுமதிக்கும் ஸ்பின் பூட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே ஓடுகின்றன. அந்தப் பூட்டுக்காகக் காத்திருப்பவர் தூங்குவதில்லை; கிடைக்கும்வரை தன் பிராசஸரைச் சுழலவிட்டபடியே இருப்பார். பூட்டைப் பிடித்தபடி நாம் விலகிவிட, நம் இடத்துக்கு வந்தவரும் அதே பூட்டைக் கேட்டால், அவர் விலகாமல் நாம் திரும்ப முடியாது, நாம் திரும்பாமல் அவருக்குப் பூட்டுக் கிடைக்காது. 27 நொடித் தாமதத்தைப் போக்கச் சேர்த்த ஒரு வரி, கணினியை நிரந்தரமாக உறையவைத்துவிடும்.

ஆகவே பூட்டை விட வேண்டும், பிராசஸரை விட்டுக்கொடுக்க வேண்டும், திரும்பி வந்து மறுபடி பூட்ட வேண்டும். என் பார்வையில் உண்மையான கடினம் இங்கேதான் இருக்கிறது. பூட்டை விட்ட நொடியிலேயே, அது பாதுகாத்துவந்த பட்டியலை வேறொருவர் மாற்றியிருக்கலாம். 'அடுத்தது இதுதான்' என்று நாம் நினைவில் வைத்திருந்த உறுப்பே அங்கு இல்லாமல் போயிருக்கலாம். பயன்பாட்டில் இல்லாத பக்கங்களை மீட்கும் பகுதி இதை அழகாகச் சமாளிக்கிறது. பொதுப் பட்டியலிலிருந்து 32 பக்கங்கள் அளவிலான சிறு தொகுதியைத் தன் சொந்தப் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டு உடனே பூட்டை விட்டுவிடுகிறது. நேரம் பிடிக்கும் சோதனைகளைப் பூட்டு இல்லாமலேயே செய்கிறது.

ஒரு நிரல் தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கும்போது பக்க அட்டவணையை நகலெடுக்கும் பகுதி வேறு வழியில் செல்கிறது. காலியான இடத்தைத் தாண்டினால் 1, பக்கம் உள்ள இடத்தை நகலெடுத்தால் 8 என்று அது கணக்கு வைத்துக்கொள்கிறது. கணக்கு 32ஐத் தொட்டதும், விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறதா என்று பார்க்கிறது. வேண்டுமென்றால் பூட்டை விட்டு விலகி, நினைவில் வைத்த முகவரியிலிருந்து மீண்டும் தொடங்குகிறது. அட்டவணையில் ஒரு பதிவின் உள்ளடக்கம் இடைப்பட்ட நேரத்தில் மாறினாலும் முகவரி மாறாது என்பதால் இந்த முறை பிழைபடுவதில்லை.

நிற்கவே வழியில்லாத இடங்களும் உண்டு. கணினியை ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது நினைவகத்தில் உள்ளதை வட்டில் சேமித்துவிட்டு அணைக்கும்போது, காலிப் பக்கங்களைக் குறிக்கும் லூப், குறுக்கீடுகளை அடைத்துவிட்டே ஓடுகிறது. ஆகவே 1,31,072 பக்கங்களுக்கு ஒருமுறை 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று வாட்ச்டாக்கிடம் சொல்லிக்கொள்கிறது. மற்ற நிரல்கள் எல்லாம் ஏற்கெனவே உறையவைக்கப்பட்டிருப்பதால் அங்கே இது முறையானது. சாதாரணமாக இயங்கும் கணினியில் இதையே செய்வதோ, 20 நொடி வரம்பை உயர்த்துவதோ வாட்ச்டாக்கின் வாயைக் கட்டுவதாகும்; காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

2025 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 6.13, கெர்னலின் சொந்த வேலையையும் வெளியிலிருந்தே இடைநிறுத்தும் புதிய முறை ஒன்றைச் சேர்த்தது. நூற்றுக்கணக்கான இடங்களில் சிதறிக்கிடக்கும் 'காண்ட்_ரீஷெட்' என்ற அந்த ஒற்றை வரி அழைப்புகளைக் காலப்போக்கில் நீக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும் ஸ்பின் பூட்டுப் பிடித்திருக்கும் பகுதியை அந்த முறையாலும் இடைநிறுத்த முடியாது. ஆகவே 32 பக்கங்களை எடுத்துக்கொண்டு பூட்டை விடும் வேலை அங்கேயும் தொடரும்.