நூறு வருடப் புகைக்கு இன்று யார் பொறுப்பு?

"இன்றைக்கு அதிகமாகக் கரியமில வாயு விடுவது சீனா. அப்படியிருக்க, அமெரிக்காவும் ஐரோப்பாவும் என்றைக்கோ விட்ட புகையை ஏன் இன்னும் கிளறுகிறீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் கடல்நீரை வைத்துப் பதில் சொல்கிறேன்.

பசுங்குடில் விளைவு பள்ளிப் பாடம்தான், அதைத் தாண்டிவிடுவோம். மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும். கரியமில வாயு அப்படிச் சிதையாது, வேறெங்காவது போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. நாம் விடுவதில் ஏறக்குறைய பாதியைச் செடிகொடிகளும் கடலும் எடுத்துக்கொள்கின்றன.

கடல் எடுத்துக்கொள்ளும் விதம் இருக்கிறதே, அதுதான் எனக்கு அலுக்காத வேதியியல். கடல்நீரில் கார்பனேட் அயனிகள், அதாவது கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த, மின்னூட்டமுள்ள நுண்துகள்கள் இருக்கின்றன. கரைந்து வரும் கரியமில வாயு அவற்றில் ஒன்றோடும் ஒரு நீர் மூலக்கூறோடும் வினைபுரிந்து இரண்டு பைகார்பனேட்டாக மாறிவிடும், அப்புறம் அது லேசில் காற்றுக்குத் திரும்பாது. ஆனால் உள்ளே வரும் வாயு இப்படிக் கார்பனேட்டைத் தின்றுகொண்டே போவதால், அடுத்து வருவதை வாங்கிக்கொள்ளும் திறன் கொஞ்சம் குறைகிறது. காற்றில் இந்த வாயு 10 சதவீதம் கூடினால், மேல்மட்டக் கடலில் கரைந்துள்ள கார்பன் மொத்தத்தில் சுமார் 1 சதவீதம்தான் கூடும். ஆழ்கடலில் கார்பனேட் இருக்கிறதே என்றால், அந்த நீர் மேலே வந்து கலக்க நூற்றாண்டுகள் ஆகும்.

ஆக, முதலில் தொழில்மயமான நாடுகள் காற்றில் மட்டுமா இடம் பிடித்தன? கடலின் சுலபமான கார்பனேட்டையும் சேர்த்தே செலவழித்திருக்கின்றன. இதைக் காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் யாரும் அழுத்திச் சொல்வதாக எனக்குத் தெரியவில்லை. கடல்நீரை அளக்கும் கருவிகளுக்கே நிதி கெஞ்ச வேண்டியிருக்கும்போது எப்படிச் சொல்வார்கள்!

இதுவரை விட்ட கரியமில வாயுவின் மொத்தம்தான் வெப்பத்தைத் தீர்மானிக்கிறது: ஒரு லட்சம் கோடி டன்னுக்குப் பூமியின் சராசரி வெப்பம் சுமார் 0.45 டிகிரி செல்சியஸ் கூடும். எந்த வருடத்து டன் என்பது இதில் பெரிய விஷயமில்லை. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவால் இதுவரை வந்த மொத்தத்தில் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய கால்வாசி, இந்தியாவின் பங்கு 4 சதவீதத்துக்கும் குறைவு. சரி, சீனா? அதன் கணக்கும் வேகமாக ஏறுகிறது, ஆகவே அதுவும் இனி ஒதுங்கி நிற்க முடியாது.

பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்கான இழப்பு நிதியை 2022 ஐ.நா. காலநிலை மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன. 2023 துபாய் மாநாட்டில் அதற்குச் சுமார் 70 கோடி டாலர் தருவதாகச் சில நாடுகள் சொன்னன. யார் எவ்வளவு விட்டார்கள் என்ற கணக்குப்படி வசூலித்த தொகையல்ல இது, அவரவர் விரும்பியதைச் சொன்னது. வேதியியல் இவ்வளவு தெளிவாகப் பங்கு பிரித்துக் காட்டியும் பணத்தை மட்டும் நன்கொடை மாதிரி கேட்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.