அரையும் காலும் சேர்ந்தால் ஆறில் இரண்டா?

"நல்லாத்தான் படிக்கிறான் சார், கணக்குலதான் கவனம் பத்தல." பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் காதில் விழும் பேச்சு. விடைத்தாள் திருத்துகிற எனக்கு அது கவனக்குறைவாகத் தெரிவதில்லை. பல பிள்ளைகள் ஒரே தப்பை ஒரே மாதிரி செய்தால், அவர்கள் ஏதோ ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்று பொருள். விதிதான் தப்பு.

1/2 + 1/4 என்று கொடுத்தால் 2/6 என்று எழுதுவார்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியாயிற்று. அதே பிள்ளையிடம், "அரைக் கிலோ தக்காளி, கால் கிலோ வெங்காயம், மொத்தம் எத்தனை கிலோ?" என்று கேளுங்கள். முக்கால் என்று பட்டென்று வரும். நோட்டில் இருக்கும் 1/2-ம் கடையில் வாங்கும் அரையும் ஒன்றுதான் என்பது உறைக்கவே இல்லை. 2/6 என்றால் மூன்றில் ஒரு பங்கு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தும் அரையைவிடக் குறைந்துபோனது எப்படி? இதைக் கேட்டதுமே பலர் ரப்பரைத் தேடுவார்கள்.

உடனே மீச்சிறு பொது மடங்கை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பாதிக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். மறுபடி மடித்துப் பிரித்தால் நாலு கட்டம். வண்ணம் இரண்டு கட்டத்தில். 1/2 இப்போது 2/4. இன்னொரு கட்டத்துக்கும் தீட்டினால் 3/4. துண்டுகள் ஒரே அளவாக இருந்தால்தான் எண்ணிக் கூட்ட முடியும். பகுதியை, அதாவது கீழே உள்ள எண்ணை, சமமாக்குவது அதற்காகத்தான். டியூஷனில் குறுக்குப் பெருக்கலை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை கூட்டலைச் சரியாகப் போட்டுவிடும். பெருக்கல் கணக்கிலும் அதையே போடும், அதுதான் தொல்லை.

இயற்கணிதத்திலும் இதே கதைதான். 3 எக்ஸ் = 12 என்றால், "அந்தப் பக்கம் போனா மைனஸ்" என்று 12-இல் 3-ஐக் கழித்து 9 என்பார்கள். பக்கம் மாறினால் குறி மாறும் என்ற குறுக்குவழி செய்த வேலை. 9-ஐத் திரும்ப வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூவொன்பது 27, பன்னிரண்டு அல்ல. அப்புறம் இரண்டு பக்கத்தையும் 3-ஆல் வகுப்பதைக் காட்டினால் கேட்டுக்கொள்வார்கள்.

வடிவியலுக்கு மருந்து ஸ்கேல். 5, 5, 8 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணத்தின் பரப்பளவு கேட்டால், எட்டையும் ஐந்தையும் பெருக்கிப் பாதியாக்கி 20 என்பார்கள். சாய்ந்த பக்கத்தையே உயரம் என்று எடுத்துக்கொண்டதால் வந்த வினை. முக்கோணத்தை வரையச் சொல்லி, உச்சியிலிருந்து 8 செ.மீ. பக்கத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்து அளக்கச் சொல்லுங்கள். உயரம் 3, பரப்பளவு 12 சதுர செ.மீ. பிதாகரஸ் தேற்றம் படிக்காத பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். பென்சிலை மட்டும் நன்றாகச் சீவிக் கொடுங்கள். மொக்கைப் பென்சிலில் 3 செ.மீ. மூன்றரையாகிவிடும்.