கேசரிப் பவுடர் கலக்கப் போகிறீர்களா?

திரவப் படிகத்தில் (திரவம்போல் ஓடினாலும், மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து ஒழுங்காக நிற்கும் நிலை) புராஜெக்ட் செய்ய வரும் மாணவர்கள் பலரும் கடையில் கேசரிப் பவுடர் வாங்கிவிடுகிறார்கள். காரணம் புரிகிறது. உணவுச் சாயமான சன்செட் யெல்லோ, தண்ணீரில் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் கரைந்தால் சாதாரண அறை வெப்பத்திலேயே திரவப் படிகம் ஆகிவிடும். ஆனால் கடைப் பாக்கெட்டில் சாயம் கொஞ்சம்தான், மிச்சம் பெரும்பாலும் உப்பு. வேறு மஞ்சள் சாயமும் சேர்ந்திருக்கலாம்.

உப்பு ஏன் இவ்வளவு தொல்லை? இந்தச் சாய மூலக்கூறு தட்டையானது. தண்ணீரில் ஒன்றின் மேல் ஒன்றாக, அப்பளக் கட்டு மாதிரி, தானாகவே அடுக்கிக்கொள்ளும். அடுத்தடுத்த தட்டுகளுக்கு இடையே சுமார் 0.34 நானோமீட்டர்தான். ஓரங்களில் உள்ள சல்ஃபோனேட் தொகுதிகள் மின்னூட்டம் கொண்டவை. அடுக்குகள் ஒன்றையொன்று தள்ளும் விசை அதைச் சார்ந்தது. உப்பு சேர்ந்தால் அந்த மின்விசை மறைக்கப்பட்டு, எந்த வெப்பநிலையில் ஒழுங்கு குலையும் என்பதே மாறிவிடும். வேதிப்பொருள் கடையில் 90 சதவீதம் என்று எழுதிய பாட்டில் வாங்கினாலும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். தண்ணீரில் கரைத்து, எத்தனால் ஊற்றிப் படிய வைத்து, வடிகட்டி, இதையே சில தடவை செய்யுங்கள். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

அப்புறம், போலரைசரின் அச்சு, அதாவது அது எந்தத் திசையில் அதிரும் ஒளியை விழுங்கும் என்பது. கரைசலைக் கண்ணாடியில் ஒரே திசையில் இழுத்துப் பூசிக் காய வைத்தால் மெல்லிய போலரைசர், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலம், கிடைக்கும். சாதாரண போலரைசர் தாளை இழுத்துத் தயாரிக்கிறார்கள், இழுத்த திசையில் அதிரும் ஒளியை அது விழுங்கும். இங்கே தலைகீழ். அடுக்குகள் இழுத்த திசையில் நிற்கும், மூலக்கூறுகள் அதற்குக் குறுக்கே கிடக்கும். எனவே குறுக்கே அதிரும் ஒளிதான் விழுங்கப்படும். இதைக் கவனிக்காமல் அறிக்கையில் அச்சை 90 டிகிரி மாற்றி எழுதுபவர்கள் ஏராளம்.

ஒளி உமிழும் லேசர் வேலைக்கு இந்தச் சாயத்தை நம்பாதீர்கள். இப்படி முகத்தோடு முகம் அடுக்கினால் உறிஞ்சும் பட்டை (சாயம் விழுங்கும் நிறங்களின் வரம்பு) நீலப் பக்கம் நகரும், ஒளிர்வு பொதுவாக அடங்கிவிடும். சறுக்கலாக அடுக்கும் சயனின் என்ற வகைச் சாயங்கள் வேறு ரகம். 1930களில் கோடாக் நிறுவனத்தில் ஜெல்லி என்ற ஆய்வாளரும் ஜெர்மனியில் ஷைபே என்ற ஆய்வாளரும் தனித்தனியே கண்டது இதைத்தான்: கரைசல் செறிவானதும் சிவப்புப் பக்கம் ஊசிபோல் ஒரு குறுகிய பட்டை. அதை இன்று ஜெ-திரள் என்கிறோம்.

கடைசியாக ஒன்று. 30 சதவீதக் கரைசலை ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (நிறமாலைக் கருவியில் வைக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) ஊற்றி நிறமாலை எடுக்க முடியாது, ஒளியே வெளியே வராது. சில மைக்ரான் இடைவெளியுள்ள செல் தேவை. ஓரங்களை எப்பாக்ஸியால் உடனே அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் ஆவியாகி, காலையில் அளந்த செறிவு மாலையில் இருக்காது.