திரையில் நர்ஸ் யோசிப்பதே இல்லை

நாடகங்களில் ஒரு காட்சி மாறவே மாறாது. மானிட்டர் அலறும். நர்ஸ் பதறிப்போய் "டாக்டர்!" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடுவார். டாக்டர் வந்து உயிரைக் காப்பாற்றுவார். நிஜத்தில் இதயம் நின்றுபோன நோயாளியை நர்ஸ்களான நாங்கள் அப்படி விட்டுவிட்டு ஓடுவதில்லை. உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு அங்கேயே நெஞ்சை அழுத்தத் தொடங்குவோம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை.

நர்ஸ் என்றாலே கவர்ச்சி உடை, இரட்டை அர்த்த மீம் என்று போடுவதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அது கேவலம்தான். ஆனால் என் ஆதங்கம் வேறு. எங்களைத் தேவதை என்று புகழும் பதிவுகளில்கூடக் கனிவு இருக்கிறது, தியாகம் இருக்கிறது, யோசிக்கிற மூளை இல்லை. நவீன நர்ஸிங்கின் முன்னோடி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கேந்தி நிற்கும் படம் எல்லோருக்கும் தெரியும். கிரிமியப் போரில் வீரர்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் செத்தார்கள் என்று வரைபடம் போட்டுக் காட்டியவரும் அவர்தான். 1858-இல் லண்டன் புள்ளியியல் கழகத்தில் உறுப்பினரான முதல் பெண் அவர்.

எங்கள் வேலையில் பெரும்பகுதி கவனிப்பது. நைட் டியூட்டியில், ஆபரேஷன் முடிந்த ஒருவர் நிலைகொள்ளாமல் புரள்கிறார், போர்வையைத் தள்ளுகிறார். ரத்தத்தில் ஆக்சிஜன் 96 சதவீதம், பிரஷரும் சரி. ஆனால் ஒரு நிமிடம் முழுக்க உட்கார்ந்து மூச்சை எண்ணினால் 26. சாயங்காலம் 16 இருந்தது. மானிட்டர் இன்னும் அலறவில்லை. டாக்டரை இப்போதே கூப்பிட வேண்டும் என்று அந்த நேரத்தில் முடிவெடுப்பவர் நர்ஸ். இதைப் படமாக்குவது கஷ்டம்தான், இருந்தாலும் முடியாததல்ல.

செய்திகளிலும் எங்கள் குரல் இல்லை. செய்திகளில் நர்ஸ்களுக்கு எவ்வளவு இடம் என்று பார்த்த, அமெரிக்காவில் 1997-இல் நடந்த உட்ஹல் ஆய்வில், சுகாதாரச் செய்திகளின் மேற்கோள்களில் 4 சதவீதம்தான் நர்ஸ்கள் சொன்னவை. இருபது வருடம் கழித்து மறுபடி ஆராய்ந்தபோது அது 2 சதவீதம்.

வெறும் மரியாதைப் பிரச்சினை என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். 9 ஐரோப்பிய நாடுகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலே 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்கிறது. நர்ஸ் என்றால் ஊசி போடுபவர், ஆறுதல் சொல்பவர் என்று மட்டும் நினைக்கும் நிர்வாகத்துக்கு ஆள் குறைப்பது ஆபத்தாகவே தெரியாது. நோயாளிகளும் அப்படித்தான். "டாக்டர் வரட்டும், சொல்லிக்கலாம்" என்று நெஞ்சுவலியைக்கூட எங்களிடம் சொல்லாமல் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

அப்புறம், ரீல்ஸ் போடும் சக நர்ஸ்களுக்கு ஒரு வார்த்தை. ஆடுங்கள், பாடுங்கள், தப்பில்லை. கூடவே, மருந்தின் அளவை ஏன் இரண்டு பேர் சரிபார்க்கிறோம், மூச்சை ஏன் முழு நிமிடம் எண்ணுகிறோம் என்றும் போடுங்கள். ஆனால் வார்டுக்குள் எடுக்காதீர்கள். கேஸ் ஷீட்டில் இருக்கும் பெயர், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் முனகும் குரல், எல்லாமே பதிவாகிவிடும். டியூட்டி முடிந்ததும் வெளியே வந்து எடுங்கள்.